காதுகுத்து மாலையோடு ஆஸ்பத்திரிக்கு

அவசரப் பிரிவுக்குப் போகிறவர்கள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு டாக்டர் எழுதினால் ஒழுங்காக எழுதுவார். நான் எழுதினால் வாக்குமூலமாகத்தான் வரும். அந்த அறையில் எனக்கு முன்னால் ஒரு மனிதர் வந்து படுத்திருந்தார். அவருக்குச் சேர வேண்டிய இருபது நிமிடத்தை நான் சத்தம் போட்டுப் பிடுங்கிக்கொண்டேன். அவர் அன்றைக்கே செத்துப்போனார். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. எப்படிப் பிடுங்கினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடையில் ஏலம் கூறுவது என் வேலை. மல்லிகை, முல்லை, சம்பங்கி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது நூறு பேர் இரைச்சலுக்கு மேலே என் குரல் கேட்டாக வேண்டும். வீட்டில் நான் தண்ணீர் கேட்டால் அடுத்த தெருக்காரர்கள் செம்போடு வருவார்கள் என்று என் மனைவி கேலி செய்வாள். கோபமும் குரலுக்கு ஏற்றபடிதான் இருக்கும். மூக்கு நுனியிலேயே குடியிருக்கிறது என்று ஊரே சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஆலங்குடிப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி விருந்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். ஆகவே நான் பட்டு வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை, நெற்றி நிறையச் சந்தனம் என்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தேன். பிள்ளை வீறிட்டு அழுது, சீர்த்தட்டெல்லாம் இறக்கி வைத்து, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், சும்மா உட்கார மாட்டார். சமையல்காரர் கறியைப் பெரிது பெரிதாகப் போடுகிறார் என்று அவருக்கு மனக்குறை. "அங்கிட்டு தள்ளுங்கண்ணே, நான் வெட்டுறேன்" என்று கத்தியை வாங்கி, நாலாவது வெட்டில் இடது கை ஆள்காட்டி விரலில் இறக்கிவிட்டார். விரல் போய்விடவில்லை. நுனிச் சதை பிளந்து தொங்கியது. ஆனால் ரத்தம், அடேயப்பா, வேட்டி முழுக்க ரத்தம். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"காப்பித்தூள வைங்க, நிண்டுரும்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, நானாகக்கூட இருக்கலாம். பந்திக்குக் காப்பி போட வாங்கி வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்து ஒரு கை அள்ளி, காயத்துக்குள் அப்பியது நான்தான். மேலே துண்டைச் சுற்றினேன். எங்கள் பக்கம் காயம் என்றால் கை தானாக அடுப்படி டப்பாவுக்குத்தான் போகும்.

அப்போது மச்சானின் அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "மாமங்காரவுக என்ன செய்யிறாகன்னு பாப்போம்." சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மாலை போட்டுக்கொள்ள மட்டும்தான் மாமனா என்று நாளைக்கு என் அக்காவிடம் சொல்லிக்காட்டுவார்கள். காரில் ஐந்து பேர், பின்னால் குட்டியானை வண்டியில் ஒன்பது பேர் என்று பதினான்கு பேர் கிளம்பினோம். வெட்டுப்பட்டது ஒரு விரல். கூடப் போக ஒரு ஆள் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. எங்கள் சொந்தத்தில் ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை தலை நிற்கிறது என்றுதான் பிறகு பேசிக்கொள்வார்கள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு ஒரு நடுத்தர அறை. மூன்று கட்டில், ஒரு மேசை, சுவரோரம் ஒரு பெஞ்சு. ஒரே ஒரு சிஸ்டர் இருந்தார். டாக்டர் பிரசவ வார்டில் இருப்பதாகச் சொன்னார்கள். நடுக் கட்டிலில் அறுபது வயது இருக்கும் ஒருவர், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார். சிஸ்டர் அவர் நெஞ்சில் ஈசிஜி வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, புருஷனின் செருப்பை ஒரு கையிலும் பாதி குடித்த பன்னீர் சோடாவை இன்னொரு கையிலும் பிடித்தபடி கட்டில் ஓரமாக நின்றார். அந்த மனிதர் முனகவில்லை, துடிக்கவில்லை. அவருக்கு வேர்த்திருந்தது. தலைக்கு நேரே ஃபேன் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அப்படி வேர்ப்பதற்கு வேலையே இல்லை. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவரை நான் ஆளாகவே பார்க்கவில்லை.

"சிஸ்டர், இங்கிட்டு வாங்க மொதல்ல!"

"உக்காருங்க சார். இவங்களுக்கு ஈசிஜி எடுத்துட்டு ஒடனே வாரேன். கைய மேல தூக்கிப் பிடிச்சு, துணிய நல்லா அழுத்திக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

சரியான பேச்சு. அதன்படி செய்திருந்தால் ரத்தம் தானாகக் குறைந்திருக்கும். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"உக்காரவா? ரத்தம் கொட்டுறது கண்ணுக்குத் தெரியலையா ஒங்களுக்கு? ஒரு உசுரு போனாத்தான் எந்திரிச்சு வருவீங்களா?"

"வெரல்லதான சார் காயம்? ரெண்டு நிமிசம்..."

"வெரல்லதானாவா! கேட்டுக்கங்கய்யா, வெரல்லதானாம்! எல்லாரும் போன எடுங்க. வீடியோ எடுங்க. இந்தம்மா என்ன பேசுறாங்கன்னு நாடே பாக்கட்டும்!"

ஏழெட்டு போன்கள் சிஸ்டர் முகத்துக்கு நேரே எழும்பின. அவர் கை நின்றுவிட்டது. பட்டு வேட்டியும் மாலையுமாக நின்ற என்னை அவர் ஏதோ கட்சிக்காரன் என்றுகூட நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நின்றேன்.

அப்போது கட்டிலில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "போங்கம்மா. அவுகளுக்கு ரத்தம் வருதுல்ல. எனக்கு வாயுப் பிடிப்புதான். சோடா குடிச்சிருக்கேன், எறங்கிரும்."

அவர் மனைவி எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. வயர்களை அப்படியே அவர் நெஞ்சில் விட்டுவிட்டுச் சிஸ்டர் எங்களிடம் வந்தார். ஜெயித்துவிட்டேன்.

துண்டைப் பிரித்ததும் சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காப்பித்தூளா? எத்தனை தடவைதான் சொல்றது ஒங்களுக்கெல்லாம்?" ரத்தத்தோடு சேர்ந்து இறுகிப் போயிருந்த தூளை மருந்துத் தண்ணீர் விட்டு விட்டுத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது. மச்சான் ஒவ்வொரு ஒற்றலுக்கும் ஐயோ என்றார். அவர் ஐயோ என்றபோதெல்லாம் நான் சிஸ்டரை அதட்டினேன். வெறும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். என் கையால் அப்பிய தூளை எடுக்க மட்டுமே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். சின்ன வயசு, கையுறைகூடக் கழற்றவில்லை. அவரையும் நான் விடவில்லை. நரம்பு அறுந்திருக்குமா, தையல் போட்டால் தழும்பு நிற்குமா, தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று கேள்வி மேல் கேள்வி. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே நடுக் கட்டில் பக்கம் தலையைத் திருப்பி, "அவங்களுக்கு என்ன?" என்று கேட்டார்.

சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். "அவருக்கு வாயுங்க சார். சும்மா வாயுப் பிடிப்பு."

நான் சொன்னேன். பூ ஏலம் விடுகிறவன் டாக்டருக்கு நோய் சொன்னேன். இதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "இல்ல சார், ஈசிஜி பாதியில நிக்குது" என்று சிஸ்டர் சொன்னார். டாக்டர் எழுந்திருக்கப் போனார். "இத முடிச்சுட்டுப் போங்க சார்" என்று அவர் தோளுக்குக் குறுக்கே கையை நீட்டினேன்.

"ஏங்க... ஏங்க..." என்று ஒரு குரல் கேட்டது. கூப்பாடே இல்லை, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புகிற குரல். அந்த மனிதரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சோடா பாட்டில் தரையில் உருண்டது.

டாக்டர் என் கையைத் தட்டிவிட்டுப் பாய்ந்தார். இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். அவசர மருந்து வைத்திருந்த தள்ளுவண்டியை எடுக்கச் சிஸ்டர் வெளியே ஓடினார். அது உள்ளே வர வழியில்லை. வாசல் நிறைய எங்கள் ஆட்கள், இன்னமும் போனைத் தூக்கியபடி நின்றார்கள். "எல்லாரும் வெளிய போங்க!" என்று சிஸ்டர் கத்தினார். நானும் கத்தினேன். அன்று நான் போட்ட சத்தத்தில் அது ஒன்றுதான் யாருக்காவது உதவியது.

கொஞ்ச நேரத்தில் துடிப்பு லேசாக வந்திருக்கிறது என்று சொல்லி, புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை நான் பிடித்தேன். மாலை கம்பியில் சிக்கியது, பிய்த்துப் போட்டேன். அந்த அம்மா பின்னாலேயே ஏறினார். அவர்களுக்குத் துணையென்று வேறு யாரும் இல்லை.

மச்சானுக்கு நாலு தையல். மூன்று மணிக்கெல்லாம் கோயிலுக்குத் திரும்பி, ஆறிப்போன பிரியாணியைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். மச்சானின் அண்ணன் என் முதுகில் தட்டி, "மாமன்னா இவருதான்யா மாமன். சத்தம் போடலைன்னா நம்மள எவன் பாக்குறான்?" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதுதான் உண்மை. கட்டிலில் சாய்ந்த தலை ஞாபகத்தில் இருந்தது, இருந்தும் பெருமைப்பட்டேன். மறுநாள் கடையில் சிஸ்டர் மாதிரி பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டு எதிரே புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டிருந்தார்கள். டீயைக் குடிக்காமலே கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இன்னொரு சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். "சண்டைக்கு வரலீங்க, ஒண்ணு கேக்கணும்" என்றேன். அன்றைக்கு நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க. டாக்டரும் அதத்தான் சொல்றாரு. ஈசிஜிய அப்பவே பாத்திருந்தா மருந்த ஆரம்பிச்சு, ஆம்புலன்ஸ முன்னாடியே கூப்பிட்டிருப்போம். பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்." மேசை மேலிருந்த நோட்டை மூடி வைத்தார். "நானும் எந்திரிச்சு வந்திருக்கக் கூடாது. போன மாசம் இப்படித்தான் ஒருத்தர் வீடியோ போட்டு, எங்க வீட்டுக்காரர் வேலை பாக்குற எடம் வரைக்கும் போயிருச்சு. அந்தப் பயத்துல வந்துட்டேன்."

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முதல் பாடமாக அமைந்தது. இங்கே முதலில் வந்தவருக்கு முதல் வைத்தியம் என்ற வரிசை கிடையாது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்குத்தான் முதலில். "சத்தம் போடுறவங்களுக்கு மூச்சு இருக்குங்க. வேர்த்துப்போயி பேசாம கெடக்குறவங்கள பாத்தாத்தான் எங்களுக்கு வயித்தக் கலக்கும். நெஞ்சக் கரிக்குதுன்னு வாரவங்க எல்லாருமே வாயுன்னுதான் சொல்லிக்கிட்டு வாராங்க. அவங்க சொல்றத நம்பக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க." இவ்வளவுதான் விஷயம். உட்காருங்கள் என்று ஒரு சிஸ்டர் சொன்னால், உன் ஆள் பிழைத்துக்கொள்வான் என்று அர்த்தம். அதைவிட நல்ல செய்தி அந்த அறையில் கிடையாது. நான் அதற்குத்தான் சண்டை போட்டேன்.

மறுநாள் துக்கம் கேட்க அவர்கள் ஊருக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று பஸ் ஏறும்வரை நினைத்தேன். வீட்டின் முன்னால் துணிப்பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அந்த அம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பி. ஸ்ட்ரெச்சரத் தூக்கிக் குடுத்தீங்களே, நீங்கதான? அந்தக் கூச்சல்ல யாரு என்ன பேசுனாகன்னே எனக்கு வெளங்கல, எங்களுக்குன்னு அன்னைக்கு ஒரு ஆளு இல்ல. தெய்வமா வந்தீங்க."

கூசிக்கொண்டே எதிரே உட்கார்ந்தேன். அவரே பேசினார். புதுக்கோட்டை போவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டதாம். ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். வந்து சேர முடியவில்லை. அடக்கத்தை வீடியோவில்தான் பார்த்திருக்கிறான்.

"அவென் எங்கிட்டப் பேச மாட்டேங்கிறான் தம்பி. நாலு நாளாச்சு. நடந்ததக் கேட்டான், சொன்னேன். சிஸ்டர் பாதியில எந்திரிச்சுப் போனாகன்னு சொன்னேன். 'நீ ஏன் வாயத் தொறக்கல? ஒரு சத்தம் போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாருல்ல'ன்னு கேட்டுட்டு போன வச்சுட்டான். அவென் கேட்டது நெசந்தான? எனக்கு அந்த வாய் இல்லாமப் போச்சு. நாந்தேன் இவுகள அள்ளிக் குடுத்துட்டேன்."

நான் செய்தது அவர் தலையில் உட்கார்ந்திருந்தது. தலையை ஆட்டி, விதி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். பாதி எழுந்தும்விட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, சிஸ்டர் தானா எந்திரிச்சு வரல. நாந்தான் மெரட்டிக் கூப்பிட்டேன். எங்க மச்சானுக்கு வெரல் நுனியிலதான் காயம். டாக்டரு வந்து அவருக்கு என்னன்னு கேட்டாரு. வாயுன்னு சொன்னதும் நாந்தான். எந்திரிச்சுப் போகப் போனவரத் தடுத்ததும் நாந்தான்."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்; திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. திட்டவில்லை. "இத எம் மகன்ட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "சொல்றேம்மா" என்றேன். "எம் போன எடுக்க மாட்டான். ஒங்க போன்லேர்ந்து போடுங்க" என்று சொல்லி, தன் போனில் இருந்த நம்பரைக் காட்டினார்.

நாலைந்து தடவை மணி அடித்த பிறகு மகன் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். நான் யாரென்று சொன்னேன். அவன் அம்மாவிடம் நான் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். "ஒங்க அம்மா மேல தப்பே இல்ல தம்பி" என்று முடித்தேன். பிறகு அவன் என்னைத் திட்டினான். என் ஆத்தா வரைக்கும் இழுத்துத் திட்டினான். காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டேன். மூச்சு வாங்கி நிறுத்தி, "போன அம்மாட்ட குடுங்க" என்றான்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். "சாப்டியாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

போன் என்னுடையது. அதனால் கிளம்பிவிடவும் முடியாது. பந்தலுக்கு அடியில் வந்து நின்றேன். உள்ளே அவர் அழுகையை அடக்கிக்கொண்டு மகனிடம் சொல்வது கேட்டது: "அந்தத் தம்பி சொல்றது இருக்கட்டும்ப்பா. இருந்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?"